யாரைக் கேட்டு?

2012 மார்ச்சில் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்ற கணினி விளையாட்டின் முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, விண்மீன் மண்டலத்தில் வளர்ச்சியடைந்த உயிரினங்களை அறுவடை செய்துபோகும் ரீப்பர் என்னும் இயந்திரங்கள். அவற்றை எதிர்க்கும் கமாண்டர் ஷெப்பர்ட். ஷெப்பர்டைப் பெண்ணாகவும் ஆடலாம். கடைசியில் மூன்று வழிகள். சிவப்பு: ரீப்பர்கள் அழியும், கூடவே செயற்கை உயிர்கள் அனைத்தும். நீலம்: ஷெப்பர்ட் உடலை இழந்து ரீப்பர்களை ஆளும் அறிவாக மாறுவார். பச்சை: உயிர்களும் இயந்திரங்களும் கலந்து எல்லோருக்கும் புதுவகை உடல் வாய்க்கும். ‘பிறகு என்ன ஆனது என்றே விளங்கவில்லை’ என்று ஆட்டக்காரர்கள் கொதித்ததால், தயாரித்த பயோவேர் நிறுவனம் அதே ஆண்டு ஜூனில் முடிவுகளை விரித்து இலவசமாகத் தந்தது. எனக்கு அந்த விளங்காமை பெரிதாகப் படவில்லை. அப்படிச் செய்ய ஒருவருக்கு உரிமை உண்டா என்பதுதான் உறுத்துகிறது.

பச்சையை விளையாட்டு உயர்ந்த பரிசுபோல் வைத்திருக்கிறது. போதிய படைபலம் திரட்டியவர்களுக்கே அந்த வழி திறக்கும். போர் நிற்கிறது, பகை தீர்கிறது. ஆனால் ஒருவரையும் கேட்கவில்லை. கணக்கற்றவர்கள் ஒரே கணத்தில் வேறு உடலுக்கு மாறிவிடுகிறார்கள். எங்கள் அரியலூர்ப் பக்கம் ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்டவே, 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். கேட்டதை மதிக்கிறார்களா என்பது வேறு கதை, ஒலிவாங்கியாவது வைக்கிறார்கள்.

இத்தனைக்கும் இதே விளையாட்டுக்குக் கேட்கத் தெரியும். குரோகன் என்ற இனத்தின் மக்கள்தொகையை ஒடுக்க, அவர்களுடைய கருக்கள் பிழைக்காதபடி வேறு இனத்தார் ஒரு நோயைப் பரப்பியிருக்கிறார்கள். அதைத் தீர்ப்பதா என்று நாம் முடிவு செய்வதற்கு முன், ஒரு குரோகன் பெண் நம் எதிரில் வந்து பேசுகிறாள். மருத்துவர் அவளுக்கு ஈவ் என்று பெயர் வைத்திருக்கிறார். அவளுடைய சொந்தப் பெயர் பக்காரா. அவளைப் பார்த்த பிறகு ஏமாற்றக் கை வராது. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் 0.3 விழுக்காடு. யார் உடலில் கத்தி வைப்பது என்ற முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியும். பச்சை வழியை விளக்கவோ பக்காராவைப் போல் எவரும் வருவதில்லை. ரீப்பர்களை இயக்கிவந்த அறிவே, ஒரு சிறுவன் உருவில் வந்து விளக்குகிறது.

அப்படியானால் சிவப்பா? அங்கே என்னைத் தடுப்பவள் ஈடி. கப்பலின் செயற்கை அறிவான அவள், இடையில் ஓர் உடலும் பெற்று, மனிதர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டுத் தன்னை உருவாக்கிக்கொள்கிறாள். பச்சையில் அவள் வாழ்கிறாள். விரித்துத் தந்த முடிவில் அந்தப் புது உலகைப் பற்றிப் பேசுவதும் அவள் குரல்தான். சிவப்பில் சாகிறாள். மதுரையை எரித்த கண்ணகி தீக்கு ஒரு விலக்குப் பட்டியல் கொடுத்தாள்: பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். பத்தினி என்று பெயர் வாங்காத மதுரைப் பெண்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி, சிலப்பதிகாரம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் என் தொண்டையில் நிற்கும். ஈடியும் பட்டியலில் இல்லாதவள்.

பெரம்பலூரில் என் முதுகலை மாணவியரிடம் மூன்று வழிகளையும் சொல்லிக் கேட்டேன். பெரும்பாலோர் பச்சைக்குக் கை தூக்கினார்கள். “எல்லாருக்கும் நல்லதுதானேம்மா.” செந்துறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் தூக்கவில்லை. அந்த மாதம்தான் அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. “நல்லதுன்னு சொல்லித்தாம்மா எனக்கும் தேதி குறிச்சாங்க” என்றாள். சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

“எதுவும் வேண்டாம்னு சொல்ல முடியாதாம்மா?”

முடியும். ஜூனில் அந்த நான்காவது வழியையும் சேர்த்தார்கள். மறுத்தால் ரீப்பர்கள் எல்லோரையும் அழித்துவிடும் என்றேன்.

“எங்க வீட்லயும் அதான் சொல்றாங்க. மாட்டேன்னா குடும்பமே அழிஞ்சிருமாம்.”

மறுத்தவர்கள் விட்டுப்போன பதிவுகளைக் கொண்டு, அடுத்த சுழற்சியில் வந்தவர்கள் ரீப்பர்களை வென்றதாக விளையாட்டு காட்டுகிறது. அதையும் அவளிடம் சொன்னேன்.

“அது அவங்களுக்கும்மா” என்றாள்.