காணாத ஆழமும் கருதலளவையும்

ஒருபோதும் காண இயலாத ஒன்றை அறிந்துவிட்டதாக மனிதர் கூறலாமா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள வவுனியாவின் நிலத்தடியை ஆராயும் அறிவியல் அவ்வினாவை மீண்டும் எழுப்புகிறது. அந்நகரம் அமைந்துள்ள பாறைப் பரப்பைப் புவிச்சரிதவியலார் வன்னியின் பெயராலேயே வன்னித் தொகுதி என வழங்குவர். அங்கே கிணறு வெட்டுவோர் கருங்கல்லை எட்டியதும் நின்றுவிடுகின்றனர். ருஷ்யாவின் கோலாவில் இடப்பட்ட, உலகின் மிக ஆழமான துளையும் 12,262 மீற்றரோடு நின்றது. ஆயினும் இலங்கையின் புவியோடு, அதாவது மான்டில் என்னும் உட்படையின்மேல் அமைந்த பாறை ஓடு, 30 முதல் 40 கிலோமீற்றர் வரை தடித்தது என ஆய்வாளர் உரைக்கின்றனர்.

1909இல் குரோசிய அறிஞர் அந்திரியா மோகோரோவிசிச், நிலநடுக்க அலைகளுள் ஒருவகை தொலைவான நிலையங்களுக்கு எதிர்பார்த்ததைவிட முந்தி வந்ததைக் கண்டு, அவை ஆழத்தில் விரைவு மிக்க வேறொரு படையின் வழியே சென்றிருக்க வேண்டும் எனத் துணிந்தார். அப்படையின் மேலெல்லை இன்று மோகோ எனப்படுகிறது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் இலங்கையில் தற்காலிகமாக நிறுவப்பட்ட நிலநடுக்கமானிகள் அத்தகைய துணிபையே நுட்பமாக்கின. தொலைநாட்டு நிலநடுக்கத்திலிருந்து வரும் அமுக்க அலையின் ஒரு பகுதி மோகோவில் குறுக்கலையாக மாறிச் சில விநாடிகள் பிந்தி மேலே வருகிறது. அந்தப் பிந்துகையும், கடலலைகள் ஓயாது எழுப்பும் மெல்லிய நில அதிர்வும் ஆழத்தைக் கணிக்க உதவின. அதன்படி புவியோடு மத்திய மலைநாட்டின் கீழ் 38 முதல் 40 கிலோமீற்றர் வரை தடித்தும், மன்னார்ப் படுகை உருவானபோது இழுபட்ட மேற்குக் கரையோரத்தில் 30 முதல் 35 கிலோமீற்றராக மெலிந்தும் உள்ளது.

இவ்வாறு அறிவதையே சைவ சித்தாந்தம் கருதல் அல்லது அனுமானம் என்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என அறிதலுக்குரிய மூன்று அளவைகளைக் கொள்கிறது. புகையைக் கொண்டு நெருப்பைத் துணிவதுபோலக் காரியத்தால் காரணத்தை அறிவது கருதலின் ஒரு வகை. மணிமேகலையில் வரும் பூதவாதியோ கண்கூடாகிய காண்டலையன்றிக் கருதலை ஏற்பதில்லை. அத்தரப்பின் தடை எளிதில் தள்ளத்தக்கதன்று: புகையும் நெருப்பும் அடுக்களையில் ஒருங்கே காணப்பட்டவை, வவுனியாவின் அடியிலுள்ள மோகோவையோ எவரும் கண்டதில்லை.

தடைக்கான விடையின் ஒரு பகுதி வன்னி நிலத்திலேயே கிடக்கிறது. அங்கு வெளித்தெரியும் நைஸ் பாறைகள், ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலத்தில் புவியோட்டின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறி, மேலிருந்த பாறை நெடுங்காலம் அரிக்கப்பட்டதால் வெளிப்பட்டவை. ஆழத்துப் பாறை இவ்வாறு கைக்கு எட்டுவதால், அதனை ஆய்வுகூடத்தில் அமுக்கி அலையின் வேகத்தை அளக்க முடிகிறது. பாறைக்கும் வேகத்துக்குமுள்ள தொடர்பு காண்டலால் உறுதிப்பட, அதன்மேல் கருதல் நிற்கிறது.

எனினும் ஒரே பதிவுக்குப் பல அமைப்புகள் பொருந்தக்கூடும். தடித்த ஓட்டில் விரைந்து செல்லும் அலையும் மெலிந்த ஓட்டில் மெதுவாகச் செல்லும் அலையும் ஒரே பிந்துகையைத் தரலாம். ஆகவே இலங்கையின் நிலநடுக்கமானிப் பதிவுகளைக் கொண்ட அவ்வாய்வு, பொருந்தும் மாதிரிகள் பலவற்றையும் ஒப்பிட்டு அவற்றின் நிகழ்தகவை மதிப்பிடும் பேயீசிய முறையைக் கையாண்டது. மலைநாட்டின் கீழ் 18 முதல் 27 கிலோமீற்றர் ஆழத்தில் மேற்கு நோக்கிச் சிறிதே சாய்ந்த எல்லை ஒன்று உண்டு என அது தெளிவாகக் கூறியது. அவ்வெல்லை தோன்றிய காரணத்துக்கோ ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை முன்வைத்து, எதையும் முடிந்த முடிபாக்காது விட்டது.

சிவஞானபோதத்தின் முதற் சூத்திரமும் காரியமாகிய உலகைக் கொண்டு அதற்குக் கர்த்தா ஒருவன் உண்டு எனத் துணிகிறது. இவ்விரு துணிபுகளையும் ஒன்றெனக் கொள்வது பிழை. மோகோ சடப்பொருள்; அதன் ஆழத்தைப் புதியதொரு பதிவு திருத்தலாம். இறைவனோ கருவிகளின் அளவைக்குள் அடங்காதவன் என்பதே சித்தாந்தத்தின் நிலை. அங்கே கருதல் தனித்து நில்லாது, ஆகமத்தையும் அருளையும் வேண்டி நிற்கிறது. எனவே நிலநடுக்கவியல் இறையுண்மையை நிறுவுவதில்லை. காணப்படாமை இன்மைக்குச் சான்றாகாது என்பதை மட்டுமே நிறுவுகிறது. அதுவும் சிறியதன்று. கண்ணுக்கு எட்டாததை முற்றாக மறுப்போரும், எட்டாததைப் பற்றி எதனையும் சொல்லலாம் எனக் கருதுவோரும், கருதலுக்குரிய உழைப்பைத் தவிர்ப்பதில் ஒன்றுபடுகின்றனர். கருதலால் அறிபவர் தம் துணிபின் ஆதாரத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே கூறக் கடமைப்பட்டவர். அக்கடமை ஆய்வாளருக்கும் அடியாருக்கும் பொதுவானது.