கலைக்குத் துணை யார்?

"திறமை உண்டா என்று பார், தன்மை எப்படி என்று பார்க்காதே. கலைஞன் என்றால் கடுமொழி இருக்கத்தான் செய்யும்!" நாடகக் குழு அமைக்க முனையும் இளைஞருக்கு இவ்விதம் அறிவுரை கூறுவோர் உண்டு. ஏற்கத்தக்கதா இந்த அறிவுரை? ஆராய்ந்து பார்ப்போம், தோழர்களே!

1886-இல் சிவகாசியிலே பிறந்தவர் விசுவநாததாஸ். அவர் பாடினால் பாமரரும் நெஞ்சு நிமிர்த்தினர்; ஆளவந்தோர் சிறைக்கதவைத் திறந்து வைத்தனர். பன்முறை சிறை சென்றார். ஆனால், வெள்ளையன் பூட்டிய விலங்கினும் கொடிய விலங்கு பிறந்த அன்றே அவருக்குப் பூட்டப்பட்டிருந்தது. முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்திலே பிறந்தவர் அவர். அதனால், அவருடன் இணைந்து நடிக்க நடிகையர் மறுத்தனர். முருகனாக மேடையேறினால் கைகூப்பும் கூட்டம். ஒப்பனை கலைந்தால் ஒதுக்கி வைக்கும் நாட்டம்!

மறுத்தவர்களும் துணையைத் தெரிந்தெடுத்தவர்கள்தாமே என்று கேட்கலாம். ஆம், தெரிந்தெடுத்தார்கள். எதைக் கொண்டு? பிறப்பைக் கொண்டு. 'சிற்றினம் சேராமை' என்றோர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். சிற்றினம் என்பது பிறப்பால் தாழ்த்தப்பட்டோரா? அன்று. பிறரைத் தாழ்த்தி மகிழும் சிறுமதியினரே சிற்றினம். உலகம் யாரை மதிக்கிறது என்பதைக் கொண்டு துணை தேடுவது அடிமை மனம். யார் மனிதரை மனிதராக மதிக்கிறார் என்பதைக் கொண்டு துணை தேடுவதே தன்மானம்.

அந்தத் தன்மானத்தோடு முன்வந்தார், மதுரையின் கே.பி. ஜானகி அம்மாள். பிறர் மறுத்த இடத்திலே, தாஸுடன் இணைந்து நடித்தார். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்திலே உழைத்து, 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். தாஸ் ஏந்திய கொடி நம் கொடியன்று. அவர் புனைந்த முருகன் வேடமும் நம் கொள்கைக்கு உடன்பாடன்று. ஆயினும் என்ன? உடன்பாடு வேறு, மதிப்பு வேறு. கருத்திலே மோதி, கண்ணியத்திலே கைகோக்கத் தெரிந்தவரே கலைக்கு ஏற்ற துணை.

இது வெறும் ஒழுக்க உரையா? அன்று, கலையின் இலக்கணமே இதுதான். ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை, மேடையிலேதான் சந்திப்பு. வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்ய வேண்டும். ஒருவர் தொடுக்கும் வினாவிலே மற்றவர் விடைக்கு இடம் இருத்தல் வேண்டும். எதிரில் நிற்பவரை மட்டந்தட்டவே ஒருவர் முனைந்தால், அங்கே வீழ்வது அந்த எதிராளி மட்டுமா? நாடகமே வீழும்!

கலை வேண்டும், கலைஞன் வேண்டாம் என்போர் மேடைக்கு வெளியிலும் இருந்தனர். கானாடுகாத்தானில் நடந்த திருமணத்திலே நாதசுரம் வாசித்த மதுரை சிவக்கொழுந்துவின் தோளிலே துண்டு கிடந்தது. அதை எடுக்கச் சொன்னார்கள். இசை இனித்தது, இசைத்தவர் தோளிலே துண்டு கிடந்தது உறுத்தியது! எடுக்காதீர் என்று துணைநின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. அழகிரி நாதசுரம் வாசித்தவர் அல்லர். எனினும் அன்று அந்தக் கலைக்கு அவரைவிடப் பெரிய துணை யார்?

"வயிற்றுப்பாட்டுக்குக் கலையை நம்பியவன் துணையைத் தேடித் தெரிந்தெடுக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்து, 20-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இந்த மண்ணிலே கூலிக்குச் செல்வோர், முதலாளியையோ உடன் உழைப்போரையோ தெரிந்தெடுத்தா செல்கிறார்கள்? வறுமை அந்த உரிமையைப் பறித்துக்கொண்டது. கலைத்துறையிலும் அவ்வாறு வாயடைத்து நிற்போர் உண்டு. அவர்களைக் குறைகூறோம். ஆனால், மறுக்கும் வலிமை உடையவர் வாளாவிருந்தால் அதைக் குற்றம் என்போம். ஜானகி அம்மாள் தம் தகுதியைத் தமக்கு மட்டும் அரணாக்கிக் கொள்ளவில்லை. ஒதுக்கப்பட்டவர் ஏறி நிற்க அதை மேடையாக்கினார்.

வேலை முடித்து, மாலையிலே கூடி நாடகம் பயிலும் அச்சங்குளத்து இளைஞனுக்கு அந்த உரிமை உண்டு. கூலி தேடும் இடத்திலே கிட்டாத அந்த உரிமையைக் கலை தேடும் இடத்திலுமா இழப்பது? துணை தேடும்போது ஒருவரின் திறமையை அறிய அவர் குரலைக் கேளுங்கள். தன்மையை அறிய, திரை இழுப்பவரிடமும் விளக்குப் பிடிப்பவரிடமும் அவர் பேசும் முறையைக் கேளுங்கள். புகழ்பெற்றவரிடம் பணிவு காட்டுவது எவர்க்கும் எளிது. எளியவரிடம் காட்டும் மதிப்பே உரைகல்.

1940 டிசம்பர் 31 அன்று, சென்னை மேடையிலே, வேடத்தோடே உயிர் நீத்தார் விசுவநாததாஸ். அவரை விலக்கியோர் பெயரை இன்று தேடுவார் இல்லை. துணைநின்றவர் பெயர் நிலைத்திருக்கிறது. நாளை நம் பெயர் எந்த வரிசையில் என்பதை, இன்று நாம் யாரோடு மேடையேறுகிறோம் என்பதே முடிவு செய்யும்!