பரணிலிருந்து இறங்கிய பாடல்கள்

இளமையில் உருவான ஒரு படைப்பு, படைத்தவரின் திறமைக் குறைவால் அன்றிப் பிறரது கவனக்குறைவாலோ வசதிப் போதாமையாலோ சிதைந்துபோயிருந்தால், பேரும் புகழும் வந்த பின்னர் அவர் அதை என்ன செய்வது என்னும் கேள்வி கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. அதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடுவதே பலரும் கைக்கொள்ளும் வழி. பியானோ வாசித்துப் பாடும் அமெரிக்க ராக் கலைஞர் பில்லி ஜோயல் வேறு வழியில் சென்றார் என்பதற்கு, மேடைக் கச்சேரிகளில் பதிவுசெய்து 1981-இல் அவர் வெளியிட்ட ‘சாங்ஸ் இன் தி அட்டிக்’, அதாவது ‘பரணில் கிடந்த பாடல்கள்’, என்னும் தொகுப்பு சான்றாகும்.

அவருடைய முதல் தொகுப்பான ‘கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்’ 1971-இல் வெளிவந்தபோது, மாஸ்டரிங் எனப்படும் கட்டத்தில், அதாவது இசைத்தட்டு அச்சிடுவதற்கான இறுதி மூலப்படியைத் தயாரிக்கும் வேலையில், வேகம் பிசகிவிட்டது. வேகம் கூடினால் சுருதியும் ஏறும் என்பதால், 22 வயது இளைஞரின் குரல் அவருடையதே அல்ல என்னும்படி கீச்சென்று ஒலித்தது. பின்வந்த ‘பியானோ மேன்’, ‘ஸ்ட்ரீட்லைஃப் செரனேட்’ தொகுப்புகளில் அந்தக் கோளாறு இல்லை. ஆயினும் அவற்றில் பெரும்பாலும் வாசித்தவர்கள் ஒலிப்பதிவுக்கென ஊதியம் பேசி அழைக்கப்பட்ட கலைஞர்களேயன்றி, ஊர் ஊராக அவருடன் மேடையேறிய குழுவினர் அல்லர். 1977-இல் ‘தி ஸ்ட்ரேஞ்சர்’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்றது. அதற்கு முந்திய நான்கு தொகுப்புகளிலிருந்து 11 பாடல்களைத் தேர்ந்து, 1980 ஜூன், ஜூலை மாதங்களில் தம் சொந்தக் குழுவோடு பெரிய அரங்குகளிலும் சிறிய கிளப்புகளிலும் பாடிப் பதிவுசெய்தார். அவருக்கு முகவரி தந்த ‘பியானோ மேன்’ பாடல் அந்தத் தேர்வில் இல்லை. ஊரறிந்த பாட்டுக்கு மறுவாழ்வு எதற்கு என்று எண்ணியிருக்கலாம்.

போதையில் முடங்கிக் கிடக்கும் புறநகர் இளைஞனைப் பற்றிய ‘கேப்டன் ஜாக்’, 1972-இல் பிலடெல்ஃபியா வானொலி ஒன்று ஒலிபரப்பிய நேரடி நிகழ்ச்சியால், இசைத்தட்டில் ஏறுமுன்பே அந்நகர மக்களுக்குப் பழகிவிட்டிருந்தது. புதிய தொகுப்புக்கு அது அதே நகரின் ஸ்பெக்ட்ரம் அரங்கில்தான் பதிவாயிற்று. முதல் தொகுப்பில் வேகப் பிசகுக்கு இரையான ‘ஷீ’ஸ் காட் எ வே’ பாஸ்டனின் சிறிய கிளப் ஒன்றில் பாடப்பட்டு, பத்தாண்டுக்குப் பின் தனிப்பாடலாக வெளிவந்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 23-ஆம் இடம் வரை ஏறியது.

1983-இல் பழைய ‘கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர்’ பதிவும் வேகம் திருத்தப்பட்டு, ஒலிக்கலவை மாற்றப்பட்டு, ஜோயலின் பங்கேற்பு இன்றியே மறுபடி விற்பனைக்கு வந்தது. பதிவில் நேர்ந்த பிழையைப் பதிவிலேயே தீர்த்துவிடலாம் என்னும் அந்த அணுகுமுறை தொழில்நுட்ப நோக்கில் நியாயமானதே. ஆனால் நடந்ததை நடவாததுபோல் ஆக்கும் முயற்சியாகவும் அது தோன்றுகிறது. மேடையில் மீண்டும் பாடுகிறவரோ பழைய தட்டைத் தொடுவதில்லை. கைக்கு வந்துவிட்ட வலிமையோடு அந்த வேலையை முதலிலிருந்து செய்கிறார், அதற்குரிய இழப்பையும் ஏற்கிறார். ஏனெனில் 1980-இல் ஒலிப்பது 31 வயதுக்காரரின் உறுதியான குரல். கேட்போர் கைதட்டுவார்கள் என்பதை அறிந்த குரல். அதை அறியாமல் பாடிய இளைஞரின் தயக்கம் அதில் இல்லை. அந்தத் தயக்கத்துக்காகவே ஒருவர் கீச்சுக்குரல் ஒலிக்கும் 1971-ஆம் ஆண்டுத் தட்டைத் தேடிப்போனால், அவரது ரசனையைக் குறைசொல்ல இயலாது.