கண்டதெல்லாம் சரி, வரிசைதான் பிழை

சீனி வருத்தம் உள்ளவரைக் கண்டால் ஊரில் எல்லாருக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. காய்ச்சலில் கிடப்பவரிடம் யாரும் காரணம் கேட்டுக் குற்றம் சாட்டுவதில்லை. சீனி வருத்தக்காரரான எங்களிடம் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டு நாவுலச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்துக்குள் ஒரு கண்டிப்பு, ஒரு கைமருந்து, யாரோ ஒருவருடைய சாவுக் கதை மூன்றும் காதில் விழுந்துவிடும். சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் என் மேல் அக்கறை உள்ளவர்கள். மழை வந்தால் தங்கள் குடைக்குள் என்னை இழுத்துக்கொள்கிறவர்களும் அவர்கள்தான்.

அதனால் இந்தப் பேச்சையெல்லாம் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் எதையோ தங்கள் கண்ணால் கண்டுவிட்டுத்தான் சொல்கிறார்கள். கண்டது உண்மை. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதில்தான் பிழை வருகிறது. இந்த ஒரு பிழை எத்தனை பேரை மருந்திலிருந்து விலக்கியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

"சீனியை அள்ளி அள்ளித் தின்னிருப்பீங்க, அதுதான்." இது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. வருத்தம் இருப்பதாகத் தெரிந்த அன்றே டாக்டர் தேத்தண்ணியில் சீனியை நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தச் சொன்னது எதுவோ அதுதான் வருத்தத்தைக் கொண்டுவந்தது என்று ஊர் முடிவுகட்டுகிறது. 2005, 2006 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடந்த பெரிய ஆய்வொன்றில், இருபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோருக்கு இரத்தம் சோதிக்கும்வரை அது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் குடித்த அதே தேத்தண்ணியைத்தான் அவர்களும் குடித்தார்கள். பரம்பரை, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, நடை குறைந்த வாழ்க்கை, வயது என்று பல சேர்ந்து வருவது இது. சீனியைக் குற்றமற்றதாக்க நான் வரவில்லை. இனிப்புப் பானங்கள் உடம்பைப் பெருக்கவைத்து வருத்தத்துக்கு வழிவிடும் என்பது உண்மைதான். 2016 ஓகஸ்ட் முதல் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறி போடவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் வந்ததும் அதற்காகத்தான். ஆனால் நோய்த் தடுப்புச் சக்தி தன் கணையத்தையே தாக்கி, ஏழு வயதில் முதலாம் வகை நீரிழிவோடு நிற்கும் பிள்ளையைப் பார்த்து "டொபி கூடத் தின்னியா?" என்று கேட்பது கொடுமை. அந்தப் பிள்ளை எதையும் தின்றதால் வந்ததல்ல அது.

"இவ்வளவு மெலிஞ்சு இருக்கீங்க, உங்களுக்கா?" என்பதும் அடிக்கடி கேட்பதுதான். புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். இந்தியக் குழந்தைகள் பிரித்தானியக் குழந்தைகளைவிட எடை குறைந்தவை. ஆனால் அந்தச் சிறிய உடம்பிலும் கொழுப்பு அதே அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. நம் பக்கத்து மனிதருக்கு வெளியில் தெரியாத கொழுப்பு உள்ளே இருக்கும். ஆசியர்களுக்கு உடல் எடைச் சுட்டெண் 23 ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னதும் இதனால்தான்.

கல்யாண வீட்டுக்குப் போனால் இன்னொரு காட்சி. என் தட்டில் வெள்ளைச் சோறு குவிந்திருக்கும்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இன்னும் ஒரு கரண்டி வைக்கவும் வருவார்கள். வட்டிலப்பத்தில் ஒரு துண்டு எடுத்தால் மட்டும் நாலு பக்கமிருந்தும் கண்கள் திரும்பும். அன்று என் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பங்கு அந்தச் சோற்றிலிருந்து வருகிறது. "சீனிதானே கூடாது, கித்துள் கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்று அன்பாகக் கையில் திணிப்பவர்களும் உண்டு. நம் மலைப்பக்கத்துக் கித்துள் கருப்பட்டியின் மணத்தை நான் மிகவும் விரும்புகிறேன். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கடைச் சீனியும் அதுதான்.

வரிசை பிழைப்பதை ஒருநாள் பஸ்ஸில் நேராகக் கண்டேன். கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் இன்சுலின் போட்டிருந்தேன். வழியில் பஸ் நின்று நின்று போனதில் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போய்விட்டது. மாத்தளை நெருங்கும்போது கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது, வெளியே தெரிந்த கடைகள் கலங்கின. சீனி இறங்கிவிட்டது என்று புரிந்தது. பையில் எப்போதும் வைத்திருக்கும் டொபியை எடுத்து வாயில் போட்டேன். பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தெரிந்த அம்மா. "ஐயோ அக்கா, இதெல்லாம் தின்னுறதாலதானே இப்படி நடுங்குது!" என்று அடுத்த டொபியைப் பறித்துக்கொண்டார். அவர் கண்டது இரண்டு: இனிப்பு, நடுக்கம். எனக்கோ நடுக்கம் முதலில் வந்தது, இனிப்பு அதற்கான மருந்து. இன்சுலினோ, சீனியை இறக்கும் சில வகைக் குளிசையோ எடுப்பவருக்கு அளவு 70 க்குக் கீழே போனால், சுமார் பதினைந்து கிராம் சீனி, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, உடனே போகவேண்டும். கால் மணி நேரத்தில் மீண்டும் சோதிக்கவேண்டும். அந்த நேரத்தில் டொபியைப் பறிப்பது மூச்சுத் திணறுகிறவரின் வாயைப் பொத்துவதுபோல. இதை வாசிக்கிறவர்கள் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்த ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். மயங்கிவிட்டவரின் வாயில் மட்டும் ஒன்றும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றிலும் பெரிய பயம் கிட்னிதான். "அந்தக் குளிசையை எடுக்காதீங்க, கிட்னியைத் தின்னுரும்." இதை நான் கேட்காத கிளினிக் நாள் இல்லை. இந்தப் பயத்துக்கு வேர் உண்டு, அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. நாவுலவிலிருந்து எலஹெரப் பக்கம் இறங்கினால் உலர் வலயம். 1990 களிலிருந்து அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களில் வயலில் நிற்கும் ஆண்கள் காரணம் தெரியாமலே சிறுநீரகம் பழுதாகிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே வில்கமுவவுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. தண்ணீரா, வெயிலா, வயலுக்கு அடிக்கும் நஞ்சா, பலதும் சேர்ந்தா என்று ஆராய்ச்சிகள் இன்னும் நடக்கின்றன. அந்த நோயை வகைப்படுத்தும்போதே நீரிழிவு உள்ளவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் தன் மாமனையோ அண்ணனையோ டயலிசிஸுக்குக் கூட்டிப்போய் அலைந்தவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லி என்ன பயன்? கிட்னி என்ற சொல்லே அவருக்கு வீட்டில் விழுந்த பிரேதம்.

அப்படிப்பட்ட ஒருவர் கண்ணால் கண்டது இது. அவருடைய உறவினர் வருஷக்கணக்காக மெட்போர்மின் என்ற சீனிக் குளிசையை எடுத்தார். ஒருநாள் டாக்டர், "உங்க கிட்னி பலவீனமாயிருச்சு, இனி இந்தக் குளிசை வேணாம்" என்று நிறுத்திவிட்டார். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நடந்தது வேறு. மெட்போர்மின் உடம்பில் உடைபடுவதில்லை, சிறுநீரகத்தின் வழியாக அப்படியே வெளியேறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30 க்குக் கீழே போனால் மருந்து வெளியேற முடியாமல் இரத்தத்தில் தேங்கும், அதனால் நிறுத்துகிறார்கள். சிறுநீரகத்தைப் பழுதாக்கியது கட்டுப்பாடில்லாமல் ஓடிய சீனியும், கூடவே ஏறிய இரத்த அழுத்தமும். உலகம் முழுவதும் சிறுநீரகங்கள் செயலிழப்பதற்கு முன்னணிக் காரணமாக நிற்பது நீரிழிவேதான். அந்தக் குளிசை கிட்னியைக் காக்கத்தான் இருந்தது. காக்க முடியாத கட்டத்தில் விலகிக்கொண்டது. விலகியதைக் கண்டவர்கள் அதையே கொலையாளி என்றார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இந்தப் பேச்சைக் கேட்டுக் குளிசையை நிறுத்தினார். கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். நிறுத்திய பிறகு பல மாதங்கள் உடம்பு நன்றாகவே இருந்தது, அதுதான் இந்த வருத்தத்தின் வஞ்சகம். இரத்தத்தில் சீனி ஏறி நிற்பது வலிப்பதில்லை. கண்ணில் நிழல் ஓடத் தொடங்கிய பின்தான் மறுபடி வந்தார். அவருக்கு அறிவுரை சொன்னவரை நான் திட்டவில்லை. அவர் தன் சாவு வீட்டிலிருந்து பேசினார். ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: கிட்னிக்குப் பயமென்றால் குளிசையை நிறுத்தவேண்டாம், கிரியேட்டினின் சோதனையும் சலத்தில் புரதம் போகிறதா என்ற சோதனையும் வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள். பயத்துக்குப் பதில் அந்தத் தாளில் இருக்கிறது.

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வரும்போது இருபக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். கறுவா, ஏலம், மிளகு என்று காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் சீனிக்கு ஒரு பொடியோ எண்ணெயோ நீட்டுவார்கள். கோத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த கோப்பையும் விற்பனைக்கு இருக்கும். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கவேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் தெபு இலைச் சம்பலைப் பற்றிச் சொல்லாமல் போவதில்லை. இவற்றை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். கோத்தல ஹிம்புட்டுத் தேயிலையை இலங்கையிலேயே முறையாகச் சோதித்து, சீனி ஓரளவு இறங்குவதாக 2005 இல் ஆய்வு வெளிவந்திருக்கிறது. மாவுச்சத்து குடலில் உடைவதை அது தாமதிக்கச் செய்கிறது. ஆனால் கோப்பை வாங்கிய மாதத்தில்தான் அதே ஆள் சோற்றைக் குறைக்கிறார், பின்னேரம் குளக்கட்டில் நடக்கிறார், குளிசையையும் தவறாமல் போடுகிறார். சீனி இறங்கியதும் பெயர் கோப்பைக்குப் போகிறது. அடுத்த மாதம் குளிசை நிற்கிறது. "இங்கிலீஷ் மருந்து வேணாம், செடி கொடிதான் நல்லது" என்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. மெட்போர்மினின் பூர்வீகமும் செடிதான். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இருந்த கலேகா என்ற செடியின் சத்தைப் பார்த்துத்தான் அந்த வகை மருந்துகளுக்கு வழி பிறந்தது. 1957 இல் பாரிஸில் ஷான் ஸ்டேர்ன் என்ற டாக்டர் அதை மனிதருக்குக் கொடுத்துச் சோதித்து எழுதினார். செடியிலிருந்து புறப்பட்டு, இன்ன அளவு, இன்னாருக்குக் கூடாது என்று அளந்து முடித்த மருந்து அது. அந்த அளவுதான் எனக்கு வேண்டியது.

"ஊசிக்கு வந்துட்டீங்களா? அப்ப கடைசிதான்." என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி இதைச் சொன்னவர்கள் உண்டு. இதற்கும் சாட்சி அவர்களிடம் இருக்கிறது: ஊசி போடத் தொடங்கியவருக்குக் கால் எடுத்தார்கள், கண் போனது. அவர்கள் காணாதது அதற்கு முந்திய வருஷங்கள். குளிசை போதாமல் போன பிறகும் ஊசி வேண்டாம், ஊசி வேண்டாம் என்று தள்ளிப்போட்ட வருஷங்கள். நரம்பும் இரத்தக் குழாயும் பழுதான பிறகு ஊசி வந்தது, பழி ஊசிக்குப் போனது. பிரித்தானியாவில் 1977 முதல் 5,102 பேரைச் சேர்த்துத் தொடர்ந்த பெரிய ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படும் நேரத்திலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்று காட்டியது. மிச்சமும் வருஷங்களோடு குறையும். எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் குறையும். ஆகவே ஊசிக்கு வருவது ஒழுங்கில்லாததற்குக் கிடைத்த தண்டனை அல்ல. "ஊசி பழகிரும், பிறகு விட ஏலாது" என்று பயமுறுத்துவதும் பிழைதான். உங்கள் உடம்பிலும் இந்த நிமிஷம் இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு வெளியிலிருந்து வருகிறது.

1922 ஜனவரியில் டொரொன்டோ ஆஸ்பத்திரியில் லெனார்ட் தொம்சன் என்ற பதினாலு வயதுப் பையன் சாகக் கிடந்தான். அதுவரை முதலாம் வகை நீரிழிவுக்கு வைத்தியம் என்று இருந்தது பட்டினி மட்டும். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. சுத்தப்படுத்திய மருந்தை அதே மாதம் மறுபடி போட்டார்கள், பையன் எழுந்தான். அதன் பிறகு பதின்மூன்று வருஷம் வாழ்ந்தான். கடைசி மருந்து என்று ஊர் சொல்லும் மருந்து உலகத்துக்குள் வந்தது இப்படி.

இந்த ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒரு தாய் இப்போது என்னிடம் வந்து போகிறார். மகளுக்குச் சிறுவயதிலிருந்தே முதலாம் வகை. படித்து, வேலை பார்த்து, தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்ளும் பிள்ளை. வரன் வந்திருக்கிறது. "சொல்லாம விட்டுருவோமா அக்கா? சொன்னா பிள்ளை பெறமாட்டாள்னு சொல்லிருவாங்க" என்கிறார். சீனியைக் கட்டுக்குள் வைத்து, டாக்டரின் கவனிப்பில் இருந்தால் இந்த வகை உள்ள பெண்களும் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்று சொன்னேன். அதைவிட அழுத்தமாக இன்னொன்றும் சொன்னேன். சொல்லித்தான் கட்டிக்கொடுக்கவேண்டும். பெண் பார்க்க வரும்போதே சொல்லுங்கள், தேவையென்றால் நானும் கூட வந்து உட்காருகிறேன். மாமியார் வீட்டில் ஒளித்து ஊசி போடுகிறவள் நேரம் தவறவிடுவாள். ராத்திரியில் சீனி இறங்கி அவள் உளறினால் அந்த வீட்டில் யாருக்கும் தேத்தண்ணியில் சீனியைக் கரைத்துக் கொடுக்கத் தெரியாது. பேய் பிடித்தது என்று வேப்பிலையைத் தேடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவளை அனுப்ப எனக்குச் சம்மதமில்லை. தாய் இன்னும் யோசிக்கிறார்.