சன்னது

பாளையங்கோட்டை கோர்ட்டில் நாற்பது வருஷமாகக் கறுப்பு கவுன் போட்டு வருகிறவன் நான். போன மாதம் ஒரு சாயங்காலம், மறுநாள் வாய்தாவுக்கான கட்டுகளைக் குமாஸ்தா எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஜூனியராக இருக்கும் பையன் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. வ.உ.சி.யைப் பற்றி எதையோ படித்துவிட்டு வந்திருக்கிறான்.

"சார், வக்கீல் சன்னதைப் பறிச்சது வெள்ளைக்காரன். அதை அவன் கோர்ட்டுலயே போய்த் திரும்பக் கேட்டிருக்காரு. அது ஒரு மாதிரி இருக்கு சார்."

"என்ன மாதிரி?"

"எறங்கிப் போன மாதிரி."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் கேட்டதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தன் ஊர்க்காரர் ஒருவர் எங்கேயும் தலை குனிந்திருக்கக் கூடாதே என்ற தவிப்புதான் இருந்தது. "நாளைக்குப் பேசுவோம், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடக்கும்போது வண்டியை ஓரங்கட்டி, தாமிரபரணியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு மனிதனுக்கு அவன் தொழில் என்பது என்ன? பிறர் கொடுத்ததா, அவனே சம்பாதித்ததா? பறித்துக்கொண்டவனிடமே போய் அதைக் கேட்டால் மானம் போய்விடுமா? கட்சிக்காரர்களுக்காக நாற்பது வருஷம் பேசியவன், இந்தக் கேள்விக்கு அதுவரை ஒரு முறைகூட உட்கார்ந்து பதில் யோசித்ததில்லை.

வ.உ.சி. என்றதும் நமக்குக் கப்பல் ஞாபகம் வருகிறது, செக்கு ஞாபகம் வருகிறது. வக்கீல் என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் 1895-இல் ஓட்டப்பிடாரத்தில் வக்கீலாக அமர்ந்தவர், 1908-இல் கைதாகும் வரை, பதின்மூன்று வருஷம் சோறு தின்றது அந்தத் தொழிலில்தான். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். மகன் கொஞ்ச காலம் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து பார்த்தார். பிறகு அப்பா திருச்சிக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார். பரீட்சை தேறி ப்ளீடர் ஆனார்.

அந்தக் காலத்து ப்ளீடரை இன்றைக்குள்ளவர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர் பாரிஸ்டர். பட்டம் வாங்கி உயர் நீதிமன்றத்தில் நிற்பவர் ஹைகோர்ட் வக்கீல். அதற்குக் கீழ்ப்படியில், முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் ஊர் ஜனங்களுக்காக நிற்பவர் ப்ளீடர். அவர் திண்ணைக்கு விடியற்காலையிலேயே ஆள் வந்துவிடும். வயல் வரப்பை வெட்டியவன், ஆட்டைப் பறிகொடுத்தவன், செய்யாத திருட்டுக்குப் போலீஸ் பிடித்துப் போனவனின் பெண்டாட்டி. மடியில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து எண்ணிக் கொடுப்பார்கள்; சிலர் அடுத்த அறுப்புக்குத் தருகிறேன் என்பார்கள். வ.உ.சி. அதிகம் எடுத்தது கிரிமினல் வழக்குதான். கிரிமினல் பக்கம் நிற்கும் தாலுகா வக்கீலுக்குப் போலீஸின் நட்பு கிடைக்காது. சர்க்கார் என்பது ஏழையின் கழுத்தில் எப்படி உட்காருகிறது என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டியிருக்கவில்லை. பத்து மணிக்குக் கோர்ட் கூடினால் கண் முன்னால் தெரியும்.

அவர் வீட்டைப் பற்றிய ஒரு செய்தி எப்போதும் என் மனதில் நிற்கும். பார்வையில்லாத துறவி ஒருவர், இராமையா தேசிகர், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவரை வ.உ.சி. வீட்டுக்குள் அழைத்து வைத்துக்கொண்டார். முதல் மனைவி வள்ளியம்மை தன் கையாலேயே அவருக்குச் சோறு போட்டார். ஊரும் உறவும் முணுமுணுத்தன. அந்த வீட்டில் அதற்காக எதுவும் மாறவில்லை. கோர்ட்டில் ஒரு பேச்சும் வீட்டில் ஒரு நடப்புமாக வாழ்ந்தவர் இல்லை அவர்.

1900-இல் தூத்துக்குடிக்குப் போனார். அதன் பிறகு நடந்ததெல்லாம் எல்லோரும் அறிந்த கதை. ஆனாலும் ஒரு வக்கீலின் கண்ணோடு பார்த்தால் அந்தக் கதையில் வேறொன்று தெரிகிறது. 1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி முறைப்படி பதிவானது. பத்து லட்சம் ரூபாய் மூலதனம், இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள், தலைவராகப் பாண்டித்துரைத் தேவர். வெள்ளைக்காரனின் கம்பெனிச் சட்டத்தையே கையில் எடுத்து, அதன் ஒவ்வொரு விதிக்கும் பொருந்தும்படி அவனுக்கு எதிராக ஒரு கம்பெனி கட்டினார். கோபப்பட்டவன் கல்லெறிவான். பதிவு அலுவலகத்துக்குப் போகத் தோன்றியது ஒரு ப்ளீடருக்குத்தான். 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். கூலி உயர்வு, வாராந்தர விடுமுறை என்று கோரிக்கைகளைத் தெளிவாக வைத்து, ஒன்பது பத்து நாளில் ஆலை நிர்வாகத்தை இறங்கி வரச் செய்தார்கள். கட்சிக்காரனுக்குப் பேசிப் பழகிய வாய் அங்கே தொழிலாளிக்காகப் பேசியது.

அதே வருஷம் மார்ச்சில் பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதில் மோதல் முற்றியது. தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மார்ச் 12-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எரிந்த கட்டடங்களைப் பற்றித்தான் ஆவலாகக் கேட்பேன். இப்போது அந்த நான்கு வீடுகளில் அன்றிரவு அடுப்பு எரிந்திருக்குமா என்றுதான் மனம் போகிறது.

வழக்கு திருநெல்வேலியிலேயே நடந்தது. பதின்மூன்று வருஷமாக இதே ஜில்லாவின் கோர்ட்டுகளில் பிறருக்காக எழுந்து நின்றவர் இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். முதலில் விசாரித்த கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட் ஈ.எச். வாலஸ், வழக்கை செஷன்சுக்கு அனுப்பி வைத்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். பாரதி வ.உ.சி. தரப்புச் சாட்சியாக வந்து சொன்னார். 1908 ஜூலை 7-ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பு வாசித்தார். இராஜத்துரோகத்துக்கு இருபது வருஷம். சிவாவுக்கு இடம் கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது வருஷம். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று. முப்பத்தைந்து வயசுக்காரருக்கு நாற்பது வருஷத் தீவாந்தரம். தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு அந்தச் செய்தியில் புத்தி பேதலித்தது.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூரும் கண்ணனூருமாகச் சிறையில் கழித்து, 1912 டிசம்பர் 24-ஆம் தேதி வெளியே வந்தார். அதற்குள் கம்பெனி போய்விட்டது, சன்னதும் போய்விட்டது.

அந்தக் காலத்து வக்கீல் தொழிலை ஆண்டது 1879-ஆம் வருஷத்துச் சட்டம். குணக்கேட்டைக் காட்டும் குற்றத்துக்காகத் தண்டனை அடைந்த ப்ளீடரை உயர் நீதிமன்றம் நீக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. தொழில் சட்டங்களைப் படிக்க நேரும்போதெல்லாம் அந்தக் குணக்கேடு என்ற சொல்லில் வந்து நின்றுவிடுவேன். பொய்ச் சாட்சி தயாரித்தவனையும் கட்சிக்காரன் பணத்தைத் தின்றவனையும் மனதில் வைத்து எழுதியது அது. தன் ஜனங்களுக்காகப் பேசிச் சிறைக்குப் போனவருக்கும் அதே கதவுதான் சாத்தப்பட்டது.

சன்னது போவது என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, எட்டு மாதம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் காலை பத்து மணி ஆனதும் கை தானாகக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் கவுனைத் தேடும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்காருவேன். பழைய கட்சிக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். வழக்கம்போல் "வக்கீலய்யா" என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்துக்கே இப்படி. அவருக்கோ வருஷக்கணக்கில். பின்னால் குடும்பம், முன்னால் பட்டினி. சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தி வழியாக வரவேண்டியிருந்தது. 347 ரூபாய் 12 அணா. அந்தத் தொகைக்காகக் காந்திக்கும் அவருக்கும் மாதக்கணக்கில் கடிதங்கள் போய் வந்தன. கப்பல் கம்பெனிக்கு லட்சங்களில் பங்கு சேர்த்தவர் இந்தத் தொகைக்குக் காத்திருந்தார். அந்த நிலையிலும் சும்மா இருக்கவில்லை. 1917-இல் மணக்குடவர் உரையோடு அறத்துப்பாலைப் பதிப்பித்தார்.

பிறகு 1920 வந்தது. வக்கீல்கள் கோர்ட்டைவிட்டு வெளியே வர வேண்டும் என்றார் காந்தி. மோதிலால் நேருவும் சி.ஆர். தாஸும் வந்தார்கள், ராஜாஜியும் வந்தார். பெரிய தியாகம் அது, சந்தேகமே இல்லை. வ.உ.சி. ஒத்துழையாமையை ஏற்கவில்லை, காங்கிரசைவிட்டு விலகினார். ஜூனியர் தம்பியின் உறுத்தல் இங்கேதான் தொடங்குகிறது. ஊரே கவுனைக் கழற்றிய நேரத்தில் இவர் மட்டும் கவுனைக் கேட்டாரே என்று.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். கையில் இருப்பதை விடுகிறவனுக்கு அது துறவு. இவருடையதைப் பறித்துவிட்டார்கள். பறிபோனதை நான் துறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது எளிது. கூட்டத்தில் கைதட்டும் கிடைத்திருக்கும். அந்தப் பொய்யை அவர் சொல்லவில்லை. எனக்கு இந்தத் தொழில் வேண்டும், எனக்கு இது தெரியும், இது என்னுடையது என்று கேட்டார். ப்ளீடர் பரீட்சைக்குப் படித்தது அவர். ஓட்டப்பிடாரத்தில் கட்சிக்காரர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்தது அவர். சர்க்கார் கொடுத்தது முத்திரை ஒன்றைத்தான். களவு போன மாட்டைக் களவாண்டவன் தொழுவத்தில் போய் அவிழ்த்துக்கொண்டு வருகிறவனைக் கெஞ்சப் போனவன் என்று எந்தச் சம்சாரியும் சொல்ல மாட்டான்.

ஆனாலும், அந்தக் கோர்ட் வெள்ளைக்காரன் கோர்ட்தானே என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. இதற்கு நான் இரண்டு நாள் யோசித்தேன். கோர்ட் யாருடையதானாலும், பொய் வழக்கில் மாட்டிய கரிசல்காட்டுக்காரன் அதன் வாசலில் நின்றுகொண்டுதான் இருக்கிறான். சுயராச்சியம் வரும்வரை அவனால் காத்திருக்க முடியாது. அடுத்த வாய்தா அவனுக்குச் செவ்வாய்க்கிழமை. அவன் பக்கத்தில் யாராவது எழுந்து நின்றாக வேண்டும்.

இப்போது வாலஸுக்கு வருகிறேன். 1908-இல் வ.உ.சி.யை செஷன்சுக்கு அனுப்பிய அதே வாலஸ், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். சன்னது திரும்பக் கிடைத்தது அவரால்தான். வ.உ.சி. நன்றியாகத் தன் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.

இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு, அவர் வாழ்க்கையில் கப்பலுக்கு அடுத்தபடியாகப் பெரிய காரியம் இதுதான். அந்த ஆட்சி அவரை முறித்தது. அதை அவர் கடைசிவரை எதிரியாகவே நினைத்தார். 1927-இல் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்கவும் போனார். ஆனால் அந்த ஆட்சிக்குள் ஒரு ஆள் சரியானதைச் செய்தபோது அந்த ஆளுக்கு நன்றி சொல்ல அவருக்குத் தயக்கம் வரவில்லை. அதுவும் ஊருக்குத் தெரியாமல் ஒரு கடிதத்தில் சொல்லிவிட்டுப் போகவில்லை. தினமும் வீட்டில் கூப்பிடும் பெயராக வைத்தார். அறத்துப்பாலுக்குப் பின்னால் தானே ஓர் உரை எழுதியவர் அவர். செய்ந்நன்றி அதிகாரத்தை அவர் படித்தது பதிப்புப் பிழை திருத்துவதற்கு மட்டுமில்லை என்பதற்கு அந்தப் பிள்ளையின் பெயரே சாட்சி. ஒரு கூட்டத்தைப் பகைத்தால் அதில் உள்ள ஒவ்வொருவனையும் பகைக்க வேண்டும் என்று நாம் பழகிக்கொண்டிருக்கிறோம். வீட்டுச் சண்டையில், சாதிச் சண்டையில், கட்சிச் சண்டையில் எல்லாம் இதைப் பார்க்கிறேன். என் ஆபீசுக்கு வரும் பாதி வழக்குகள் இந்தப் பழக்கத்தால் வருகிறவை.

ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். "அவரு ஜெயிலுக்குப் போனதைவிட இது கஷ்டம்ல சார்?" என்றான். ஆமாம் என்றேன்.

வ.உ.சி. கோவில்பட்டியில் மறுபடி வக்காலத்துப் போட்டார். 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பி அங்கேயும் தொழில் பார்த்தார். பழைய வருமானம் வரவில்லை. 1936 நவம்பர் 18-ஆம் தேதி இறந்தபோது கடன் இருந்தது. எந்தெந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.