மடலூர்ந்தவளின் உரிமை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி கடக்கக் காத்திருந்த ஒரு மாலையில் அடியேனின் குமாரத்தி ஒரு கேள்வி கேட்டாள். சங்கப் புலவர்கள் மானிடக் காதலுக்கென வகுத்த தலைவியை ஆழ்வார்களும் ஆசார்யர்களும் எம்பெருமானிடம் ஈடுபட்ட ஆத்மாவாக்கிக் கொண்டார்களே. அந்தப் பெண் எங்கே போனாள், அவளை எடுத்தாள இவர்களுக்கு உரிமை தந்தவர் யார் என்றாள். கேட் திறந்தது, அடியேனிடம் விடை இல்லை.

திருமங்கையாழ்வாரிடமிருந்து தொடங்கலாம். காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, ஊரறிய வீதியில் வருவது பழைய மடலூர்தல். அது பெண்ணுக்கு ஆகாது என்பது தொல்காப்பிய விதி; திருக்குறளும் மடலேறாத பெண்மையைப் புகழ்கிறது. ஆழ்வாரின் இரு திருமடல்களிலோ மடலூரத் துணிபவள் பெண். விதி அறியாமல் மீறினார் அல்லர். தமிழ்நெறியில் அப்படியொரு விலக்கு உண்டென்பதைப் பெரிய திருமடலில் தலைவியின் வாயாலேயே சொல்லி, அதை ஏலாமல் வடநெறியை வேண்டுகிறார்.

அடியேன் வங்கியில் பணி செய்தவன். காலமானவரின் வைப்புத்தொகையைக் கோரி வரும் வாரிசு பழைய ரசீதைக் கொண்டுவருவார். அதிலுள்ள பெயரை அழித்துத் தம் பெயரை எழுதினால் மோசடி. அப்பெயரைக் காட்டியே தம் உரிமையை நிறுவினால் வாரிசு. ஆழ்வார் பழைய பெயரை அழிக்கவில்லை.

உரையாசிரியர்களும் அப்படியே. திருவிருத்தத்தின் 100 பாசுரங்களில் பெரும்பாலானவை அகத்துறையில் அமைந்தவை. இது தலைவி சொல், இது தோழி சொல் என்று துறையைக் காட்டிய பின்பே ஸ்வாபதேசம் வருகிறது. ஆனால் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் மேலும் ஓரடி வைக்கிறார். எம்பெருமானோடுள்ள சம்பந்தத்தை உணர்தல் தோழி. அவனே உபாயம் என்ற துணிவு தாய். பலத்துக்குப் பதறுதல் மகள். மூவரும் நம்மாழ்வார் ஒருவரின் நிலைகளே. நுட்பமான பகுப்பு. எனினும் குமாரத்தியின் கேள்வி இங்கேதான் கனக்கிறது. மூன்று குரல்கள் ஒருவருக்குள் அடங்கும்போது, தன் மகளுக்காக மட்டும் அழுத தாய் ஒருத்தி கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறாள் அல்லவா?

மறுநாள் திருவிருத்த உரையை அவளிடம் கொடுத்து, முதலில் துறையை மட்டும் படி என்றேன். தாய் இரங்கும் ஒரு பாசுரத்தில் வெகுநேரம் நின்றுவிட்டாள். "இவள் எந்த நிலையும் இல்லை அப்பா, அம்மாதான்" என்றாள். அடியேன் மறுக்கவில்லை. ஸ்வாபதேசத்தை அடுத்த வாரம் படிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.