ஸ்பேனர் யார் கையில்?

மலாவியில் ஒரு கிராமத்து மிஷனில் மூன்று மாதம் தொண்டூழியம் செய்தேன். தினசரி வேலை, கைப்பம்புகளைப் பார்ப்பது. அங்கே இருந்தது அஃப்ரிடெவ் ரகம். 1980களில் கென்யாவிலும் மலாவியிலும் வைத்து உருவாக்கியது. ஊர்க்காரங்களே கழற்றி மாட்டணும், அதுக்குச் சாதாரண ஸ்பேனர் போதும் என்பதுதான் அதன் வடிவமைப்பின் நோக்கமே.

பொறியியல் படித்தவன் சும்மா இருப்பேனா? முதல் வாரமே தேய்ந்த சீலை அரை மணி நேரத்தில் மாற்றினேன். தண்ணீர்க் குழுப் பெண்கள் 'ஸிகோமோ' என்று நன்றி சொன்னார்கள். ஸ்பேனரைப் பத்திரமா இருக்கட்டும்னு என் அறையிலேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் விசா வேலையாக லிலொங்வே போனேன். பம்பு நின்றுவிட்டது. ஸ்பேனர் பூட்டிய அறைக்குள். நான்கு நாள் அவர்கள் ஆற்றுத் தண்ணீர் சுமந்தார்கள்.

"முதல்லயே கேட்டு வாங்கியிருக்கலாமே?" என்றேன்.

"வாங்கினா உங்களுக்கு வேலை இருக்காதே," என்றார் குழுத் தலைவி, சிரிக்காமல்.

எனக்குக் கெட்ட எண்ணம் இல்லைதான். ஆனால் அவர்கள் தோளில் ஏறிய குடத்துக்கு என் எண்ணம் தெரியுமா? நான் தேவைப்படணும்கிற ஆசையையும் உதவி என்றே எண்ணியிருந்தேன்.

அன்று ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன். அவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ரொம்பக் கஷ்டமா இருந்தது.